மஞ்சள் பத்து

என் அக்காவை அவள் புருஷன் அடிப்பது பொதட்டூர்பேட்டையில் அந்தத் தெருவுக்கே தெரியும். ஆனால் யார் காதிலும் விழாது. வீட்டின் முன்கட்டில் நாலு விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசவே தொண்டை கிழியக் கத்த வேண்டும். அழுகிறவள் அழுதுகொண்டே இருக்கலாம், சுவரைத் தாண்டாது. கரண்டு போனால் மட்டும் தெரு அமைதியாகிவிடும், ஊசி விழுந்தாலும் கேட்கும். அதனால் பாவா கரண்டு இல்லாத நேரத்தில் அடிக்கமாட்டார். அவ்வளவு விவரமான மனுஷன்.

அக்கா புருஷனைப் பாவா என்போம், அப்பாவை நைனா என்போம். ஆந்திரா எல்லை ஓரத்துப் பேச்சு அப்படி. நைனாவிடம் அக்கா எத்தனையோ முறை வந்து அழுதிருக்கிறாள். அவர் பீடியை அணைத்துவிட்டு, "புருஷன் பொஞ்சாதி விவகாரத்துல நாம இன்னாத்துக்குமா பூரணும், அனுசரிச்சுப் போ" என்பார். அதோடு முடிந்தது. பிள்ளை இல்லை என்பது ஒரு காரணம், குழம்பில் உப்பு இல்லை என்பது ஒரு காரணம், லுங்கி வாங்கும் சேட்டு சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டான் என்பது ஒரு காரணம். காரணத்துக்கா பஞ்சம். கை ஓங்குகிறவனுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் காரணம்தான்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அதனால் என்னை வீட்டில் எந்தப் பஞ்சாயத்துக்கும் கூப்பிடமாட்டார்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திருத்தணியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வீடு எடுத்துத் தங்கி, தினமும் காலையில் லோக்கல் வண்டி ஏறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவள் நான். "அவ ஒரு மாதிரி" என்று உறவுக்காரர்கள் சொல்வது எனக்கு நன்றாகவே தெரியும். சொல்லட்டும்.

என் வேலையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஒரு மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வகத்தில் நான் டெக்னீஷியன். புற்றுக்கட்டியிலிருந்து வெட்டியெடுத்த சதைத் துண்டு ஐஸ் பெட்டியில் வரும். அதைக் கல் மாதிரி உறைய வைப்பேன். சவரக்கத்தியைவிடக் கூரான ஒரு கத்தியில், வெங்காயத்தோலைவிட மெல்லிசாகச் சீவுவேன். சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, அதன் மேல் ஆன்டிபாடி என்ற ஒரு புரதத்தைச் சொட்டுவேன். சதை என்றால் முகம் சுளிக்கிறவர்களுக்கு இந்த வேலை ஆகாது. எனக்கு ஆகும்.

அந்த ஆன்டிபாடி எதைத் தேடுகிறது என்பதுதான் விஷயம். உடம்பில் ஒரு செல் தன் இஷ்டத்துக்கு வளர்ந்துவிட முடியாது. வளர் என்று அதற்கு உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவைக் கொண்டுவரும் புரதங்களுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். உத்தரவை வாங்கிக்கொள்வதற்குச் செல்லின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. நல்ல செல்லில் ஏற்பி கொஞ்சமாக, அடக்கமாக இருக்கும். சில மார்புப் புற்றில் ஒரு வகை ஏற்பி கூட்டம் கூட்டமாக முளைத்துவிடும். அப்புறம் யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, அதுவே வளர் வளர் என்று செல்லைப் போட்டு அடித்து விரட்டும்.

எங்கள் ஆன்டிபாடி அந்த ஏற்பியை மட்டும் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அதோடு ஒரு சாயத்தைக் கட்டி அனுப்பியிருப்போம். இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் வைத்து நீல வெளிச்சத்தைப் பாய்ச்சினால் சாயம் பச்சையாக எரியும். ஏற்பி நிறைய இருந்தால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு பச்சை வளையம். இல்லாவிட்டால் வெறும் இருட்டு. வளையம் தெரிந்தால் ஒரு நல்ல செய்தி உண்டு, ஏனென்றால் அந்த ஏற்பியையே பிடித்து வாயைக் கட்டும் மருந்து இருக்கிறது. வளையம் இல்லாதவர்களுக்கு அந்த மருந்து தண்ணீர்தான். எத்தனை பேரின் தலையெழுத்தை அந்த இருட்டறையில் உட்கார்ந்து முதலில் பார்த்தவள் நான். யாரோ ஒருவருடையது என்பதால் ராத்திரி தூக்கம் கெட்டதில்லை.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அக்கா திருத்தணிக்கு வரவில்லை. ஊரே மஞ்சள் துணியும் காவடியுமாகத் திணறிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில், என்ன சண்டை நடந்தாலும் அவள் மலைக்கு வந்து என் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போவாள். போனில் கேட்டால், "ஒடம்பு ஒரு மாதிரி கீதுடி, அப்புறமா வரேன்" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தில் இடிபட்டுப் பஸ் ஏறிப் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன்.

தறிகளைத் தாண்டி உள்கட்டுக்குப் போனபோது புளியும் மஞ்சளும் கொதிக்கிற வாசனை வந்தது. அடுப்புக்கு முன்னால் பாவா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இரும்புக் கரண்டியில் மஞ்சளும் புளியும் கல்லுப்பும் கரைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா ரவிக்கையை அவிழ்த்து, புடவைத் தலைப்பைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். அவர் விரலில் தொட்டு, ஊதி ஊதி ஆறவைத்து, அவளுடைய இடது மார்பில் தடவினார். அவ்வளவு மெதுவாக அந்தக் கை எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

"இன்னாக்கா இது?" என்றேன்.

"ரத்தக்கட்டுடி. தறியில இடிச்சுக்கினேன்."

இடித்துக்கொண்டாளாம். நூல் அறுந்ததைக் கவனிக்கவில்லை என்று பாவா முழங்கையால் ஒரு இடி கொடுத்திருக்கிறார். அந்த வேகத்தில் போய்த் தறியின் இரும்பு மூலையில் மார்பு மோத விழுந்திருக்கிறாள். கொஞ்ச நாள் கழித்துக் குளிக்கும்போது அங்கே ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. அடிபட்ட இடத்தில் கட்டி என்றால் ரத்தக்கட்டுதானே. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். புளிப்பத்து போட்டால் கரைந்துவிடும் என்பார்கள். பாவாவும் அன்றிலிருந்து விடாமல் பத்து போட்டுக்கொண்டிருக்கிறார். தப்புச் செய்தவர் தன் கையாலேயே மருந்து போடுகிறாரே என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அவரைப் புகழ்ந்தார்களாம்.

பத்தைத் துணியால் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். ரத்தக்கட்டு என்றால் தொட்டால் வலிக்கும், கொஞ்சம் அசையும். இது அசையவில்லை. வலிக்கிறதா என்றால் இல்லை என்றாள். கூழாங்கல்லைச் சதைக்குள் வைத்துத் தைத்தது போல் இருந்தது. உப்பும் புளியும் பட்டுப் பட்டு மேல்தோல் வெடித்து, ஒரு ஓரத்தில் புண்ணாகிக் கசிந்துகொண்டிருந்தது. அக்குளில் விரலை வைத்தேன். அங்கேயும் ஒன்று இருந்தது.

நான் எழுந்தேன். பாவா கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னை அண்ணாந்து பார்த்தார். ஓங்கி ஒரு அறை விட்டேன். அக்கா புருஷனை, வயதில் மூத்த ஆளை, அவர் வீட்டு அடுப்பங்கரையிலேயே. கரண்டி பறந்து போய்ச் சுவரில் மஞ்சளாக அப்பியது. மறுபடி அறைந்தேன். திருப்பி அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் கடித்துவிடுவது என்ற முடிவில்தான் இருந்தேன். அவர் கையைத் தூக்கவே இல்லை. "என்னாலதான் பாப்பா, என்னாலதான்" என்று முனகிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அக்கா பாய்ந்து வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தாள்.

"உட்றி அவர. அவர தொடாத" என்று அவள் கத்தினாள். தறிச் சத்தத்தில் எனக்கே பாதிதான் கேட்டது.

மறுநாளே இரண்டு பேரையும் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆமாம், இழுத்துக்கொண்டுதான். அக்கா வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள், விரலைப் பிரித்து எடுத்தேன். புற்று என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அக்குள் வரைக்கும் வந்துவிட்டது. சர்ஜன் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்குத் தெரியாதது இல்ல. அந்த ஏற்பி இருந்துச்சுன்னா அடிச்சு ஓட்டறதுக்கு நம்ம கையில ஆயுதம் இருக்கு. இல்லேன்னா ரொம்பக் கஷ்டம்மா" என்றார். அக்கா பிழைப்பாளா மாட்டாளா என்பது ஒரு பச்சை வளையத்தில் வந்து நின்றது. புண்ணின் ஓரத்திலிருந்து, வெடித்த தோலோடு சேர்த்து ஒரு துண்டு வெட்டியெடுத்தார்கள். இனிமேல் அங்கே எதையும் தடவக்கூடாது என்று சர்ஜன் பாவாவிடம் இரண்டு தடவை சொன்னார். ஆங், ஆங் என்று பாவா தலையாட்டினார்.

துண்டு எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. எங்கள் டாக்டரம்மா, "நீ இதைத் தொடாதே, வேறு ஆள் செய்யட்டும்" என்றார். நான் செய்வேன் என்றேன். "கை நடுங்கினா?" என்றார். "நடுங்காது" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அக்காவின் சதையை உறைய வைத்தேன். சின்ன வயசில் எனக்குப் பேன் பார்த்தவள், பள்ளிக்கூடத்துக்கு ஜடை பின்னி அனுப்பியவள். அவளைக் கத்தியில் வைத்து மெல்லிசு மெல்லிசாகச் சீவினேன். கை நடுங்கவில்லை. பல்லைக் கடித்ததில் தாடைதான் மறுநாள் வரை வலித்தது.

இருட்டறையில் டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான்தான் முதலில் கண்ணை வைத்தேன். பச்சை. சும்மா பச்சை இல்லை, கண்ணைக் கூசுகிற பச்சை. தகடு முழுவதும் தீப்பிடித்த மாதிரி எரிந்துகொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். "இருக்கு மேடம், இருக்கு" என்றேன். ஆயுதம் இருக்கிறது, அடித்து ஓட்டலாம், அக்கா பிழைத்துக்கொள்வாள்.

டாக்டரம்மா என்னை நகர்த்திவிட்டுத் தான் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"வளையம் எங்கம்மா?" என்றார்.

மறுபடி பார்த்தேன். வளையம் இல்லை. செல்லுக்கு உள்ளேயும் பச்சை, வெளியேயும் பச்சை, செல்லே இல்லாத இடத்திலும் பச்சைத் திட்டுகள்.

"கன்ட்ரோலைப் போடு" என்றார்.

கன்ட்ரோல் என்பது அதே சதையின் இன்னொரு சீவல். அதில் ஆன்டிபாடியைச் சொட்டமாட்டோம். சாயமே சேராததால் அது இருட்டாகத்தான் இருக்க வேண்டும். இருட்டாக இருந்தால்தான் மற்றதில் தெரியும் வெளிச்சத்தை நம்பலாம். அதை வைத்தேன். அதுவும் எரிந்தது. சாயமே படாத சதை அதே பச்சையில், அதே மூர்க்கமாக எரிந்தது.

"மேல என்ன தடவினாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

வெளியே போய் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சை சாதம். ஒரு பருக்கையை எடுத்துக் காலித் தகட்டில் தேய்த்து, கொண்டுவந்து நீல வெளிச்சத்தில் வைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கீற்று, பச்சையாகப் பளீரென்று எரிந்தது. மஞ்சள்தான். நாங்கள் நிலைப்படியில் பூசி, தாலிக்கயிற்றில் பூசி, புண்ணில் வைத்துக் கட்டி, எதுவானாலும் அது காப்பாற்றும் என்று நம்புகிற மஞ்சள். தண்ணீரில் எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போகாமல் சதையில் ஊறிக் கிடந்து, எங்கள் சாயத்தின் நிறத்திலேயே எரிகிறது. உள்ளே வளையம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "மறுபடி எடுக்கணும். இந்தத் தபா தோல் வேணாம், உள்ளேர்ந்து ஊசியில எடுக்கச் சொல்றேன். அதுக்குள்ள புண்ணு சுத்தமா இருக்கட்டும், நீ பார்த்துக்க" என்றார். அவருக்குப் பதிலாகவும் சேர்த்து நானே கோபப்பட்டேன். வண்டியில் உட்கார்ந்து வரும்போது நகத்தால் என் உள்ளங்கையையே கீறிக்கொண்டு வந்தேன். அழுதேனே, இருக்கு இருக்கு என்று குதித்தேனே. அந்தப் பாவி அடித்ததோடு நிற்காமல் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்கவும் விடாமல் பூசி மெழுகியிருக்கிறான்.

புண்ணைச் சுத்தம் செய்யப் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். அக்கா ரவிக்கையை அவிழ்க்க மாட்டேன் என்று மழுப்பினாள். நானே பிடித்து இழுத்தேன். உள்ளே கட்டுத்துணி புதிதாக மஞ்சள் கறையோடு இருந்தது. அன்று காலையில் போட்ட பத்து, இன்னும் ஈரம் காயவில்லை. சர்ஜன் இரண்டு தடவை சொல்லியும், ஆங் ஆங் என்று தலையாட்டியும்.

தறிக்குப் போனேன். பாவா நின்றுபோன ஒரு தறியில் குனிந்து நூல் முடிந்துகொண்டிருந்தார். பலகையில் ஒரு நாடா கிடந்தது. தறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நூலை இழுத்துக்கொண்டு ஓடுமே, இரண்டு முனையிலும் இரும்பு கூராக இருக்கிற கட்டை, அது. எடுத்து அவர் தலையில் போட்டேன். நெற்றி ஓரம் பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. சத்தம் போட்டுக்கொண்டே அவர் தறிக்கு அடியில் சரிந்தார். நான் விடவில்லை. தோளில், முதுகில், தடுக்க வந்த கையில் என்று கண்மண் தெரியாமல் அடித்தேன். இத்தனை வருஷம் இவர் அடித்தது எல்லாவற்றையும் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. கொன்றிருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அப்போது கரண்டு போயிற்று. ஓடிக்கொண்டிருந்த மூணு தறியும், பக்கத்து வீட்டுத் தறிகளும், தெரு முழுவதும் ஒரே நொடியில் நின்றது. அந்த அமைதியில் அக்காவின் குரல் மட்டும் கேட்டது. தறிச் சத்தத்துக்குள் வெகுநேரமாகவே அவள் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள் போல.

"நான்தான்டி போடச் சொன்னேன். அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கையில குடுத்து போடுன்னேன்."

"இன்னாத்துக்கு?" என்றேன். மூச்சு வாங்கியது. "செத்துப்போறதுக்கா?"

அக்கா தலைப்பை மார்பில் போர்த்திக்கொண்டு கதவு நிலையில் நின்றாள். பக்கத்து வீடுகளில் ஆட்கள் எட்டிப் பார்ப்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னாள்.

"இந்தக் கட்டி வந்ததுலேர்ந்து அவரு என் மேல கை வைக்கலடி. ஒரு நாளு கூட. பத்து போட்டுகினு கீற வரைக்கும் வைக்கமாட்டாரு. கரைஞ்சிட்டா மறுபடி ஆரம்பிச்சுடுவாரு."

நாடாவைக் கீழே போட்டேன். என் கையெல்லாம் அந்த ஆளின் ரத்தம். புற்று ஒரு பக்கம் அவளைத் தின்றுகொண்டிருக்கிறது, அவளோ அதைக் காவலுக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள். புளியும் உப்பும் பட்டுப் புண் எரியும்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஊதி ஊதித் தடவும் அந்த ஒரு நேரத்துக்காக. பாவா தறிக்கு அடியில் நெற்றியைப் பொத்திக்கொண்டு விசும்பினார். வெளியே எட்டிப் பார்த்தவர்களில் ஒருவரும் உள்ளே வரவில்லை.

அக்காவை அன்றே திருத்தணிக்கு என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். புண்ணைத் தினமும் உப்புத் தண்ணீரில் கழுவினேன். பாவா தலையில் கட்டோடு நாள் தவறாமல் பஸ் ஏறி வந்து, உள்ளே வராமல், வாசற்படிக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டுப் போனார். என்னை நிமிர்ந்து பார்க்கமாட்டார். நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, அக்காதான் கொடுத்தாள்.

இரண்டாவது தடவை ஊசியால் ஆழத்திலிருந்து எடுத்தார்கள். இந்த முறை கன்ட்ரோலைத்தான் முதலில் வைத்தேன். கன்னங்கரிய இருட்டு. மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே அடுத்த தகட்டை வைத்தேன். இருட்டுக்குள் பச்சைப் பச்சையாக வளையங்கள், நெருக்கி நெருக்கி, ஒரு செல் விடாமல். டாக்டரம்மா என் தோளில் கை வைத்து, "இப்ப அழு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. அடங்காமல் வளர்ந்த அந்தச் செல்களைப் பார்க்கப் பார்க்க, மாட்டிக்கொண்டாயா என்று வெறிதான் வந்தது.

மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் புற்றுநோய் டாக்டர் அக்காவையும் பாவாவையும் உட்காரவைத்து எல்லாம் விளக்கினார். நானும் கூட இருந்தேன். நல்ல மனுஷர், பொறுமையாகப் பேசினார். இந்த ஏற்பி எப்படிச் செல்லைத் தூண்டுகிறது, மருந்து எப்படி அதை அடைக்கிறது, எவ்வளவு நாள் ஏற்ற வேண்டும் என்றெல்லாம் சொன்னார். கடைசியில் ஏதாவது கேட்கணுமா என்றார்.

பாவா தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், இது அடி பட்டதால வந்ததா சார்?"

"சே சே, அதெல்லாம் இல்லை. அடிபட்டால் புற்று வராது. ஏற்கெனவே உள்ளே இருந்த கட்டி, அடிபட்டதால கவனத்துக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். நீங்க அப்படி நினைச்சு வருத்தப்பட வேண்டாம்" என்றார் டாக்டர்.

அந்த டாக்டர் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. என்னிடம் கேட்டிருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். பாவா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். மாசக்கணக்காகக் குனிந்திருந்த ஆள் சட்டென்று நிமிர்ந்த மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் ஓட்டலில் முழுச் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டார், ரசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். அக்கா இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய்கூட வைக்கவில்லை. மருந்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மருந்து ஏறியதும் அவர் வந்து அவளைப் பொதட்டூர்பேட்டைக்குக் கூட்டிப் போனார். தறியைப் பார்க்க ஆளில்லை என்றார். அக்காவும் போகிறேன் என்றாள். அடுத்த மருந்துக்காகத் திருத்தணி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டியபோது, தலையில் முடி கொட்டியிருந்தது, முக்காடு போட்டிருந்தாள். முக்காட்டுக்குள் கன்னம் வீங்கியிருந்தது. நாலு விரலும் தனித்தனியாகப் பதிந்திருந்தது. பாவா ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார்.

"அந்த டாக்டரு சொன்னதுலேர்ந்துதான்" என்றாள் அக்கா. "அவரு ஒண்ணும் பண்ணலயாம். 'என் மேல பழியப் போட்டு என்னை ஆறு மாசமா நாய் மாதிரி ஆக்கிட்டியே'ன்னு அடிக்கிறாரு."

செருப்பைக்கூடப் போடாமல் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். அக்கா குறுக்கே வந்து நின்றாள். போலீசுக்குப் போகலாம் என்றேன். இங்கேயே இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்த ஆளின் முகத்தில் இனி முழிக்கவே வேண்டாம் என்றேன். சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் எலும்பும் தோலுமாக இருந்தன.

"அதெல்லாம் அப்பாலிக்கா பாத்துக்கலாம். நீ எனக்கு ஒண்ணு பண்ணு. அந்தக் கட்டி அவரு அடிச்சதாலதான் வந்துச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடு. டாக்டரு மனசு நோகக்கூடாதுன்னு அப்படி சொன்னாருன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாரு. நீதான மெஷின்ல பாக்குற."

என் தொழிலில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு. இல்லாத வளையத்தை இருக்கிறது என்று சொல்வது. அதற்காகத்தான் கன்ட்ரோல், அதற்காகத்தான் ஒன்றுக்கு இரண்டு பேர் பார்ப்பது. அங்கே ஒரு தகட்டில்கூட நான் மனசறிந்து பொய் எழுதியதில்லை. ஆனால் அவளுடைய கன்னத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன். யோசிக்க ரொம்ப நேரம் பிடிக்கவில்லை.

மருத்துவமனையில் அக்காவை உள்ளே படுக்கவைத்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாவா வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்து வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் அவர் எதிரில் நின்றேன்.

"பாவா, உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். டாக்டரு அன்னிக்குப் பூரா சொல்லல" என்றேன்.

"இன்னா பாப்பா?"

"மெஷின்ல நல்லாத் தெரியுது. உள்ள அடிபட்ட இடத்துலேர்ந்துதான் அது ஆரம்பிச்சிருக்குது. உங்க கைதான்."

டீ கிளாஸ் அவர் கையில் சாய்ந்தது. சூடான டீ மடியில் கொட்டியதைத் துடைக்கக்கூட இல்லை.

"டாக்டரு இல்லன்னாரே."

"உங்க மூஞ்சிய பாத்துட்டு சொன்னாரு. கேளுங்க. மருந்து இப்ப வேலை செஞ்சுகினு கீது. ஆனா இன்னொரு அடி பட்டுச்சுன்னா, கன்னத்துல பட்டாலும் சரி, மறுபடி கிளம்பிடும். அப்ப எந்த மருந்தும் கேக்காது. நானே பாத்து நானே கையெழுத்து போடுவேன், கொன்னது நீங்கதான்னு."

அவர் தன்னுடைய வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். போகிற வருகிறவர்கள் பாவம் என்று பார்த்தார்கள். எனக்குத் துளிகூட இரக்கம் வரவில்லை. அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா கையில் ஊசியோடு படுத்திருந்தாள். பாட்டிலில் இன்னும் பாதி மருந்து இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னியா?" என்றாள்.

"சொன்னேன்."

"நம்பிட்டாரா?"

"நம்பிட்டாரு."

அக்கா நீளமாக மூச்சு விட்டாள். "அப்ப நான் பொழச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.